லயம் என்று எழுதிவிட்டேன்

கிரிவீதியில் தைலம் விற்கிறவர், போகிற வருகிறவர்களின் புறங்கையில் ஒரு சொட்டு தேய்த்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் தேய்த்திருப்பார். போன வாரம் என் கையிலும் தேய்த்தார். யூகலிப்டஸ். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை. சோறு பிசையும்போது வந்தது. சாயங்காலம் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும்போது வந்தது. ஊருக்கெல்லாம் அது சளிக்கும் தலைவலிக்கும் ஆன வாசனை. எனக்கு அது மன்னவனூர் போகிற சாலையில், தகரக் கூரை போட்ட மூன்று அறை வீட்டின் பின்பக்கம், தைலமரச் சருகைத் தள்ளி வெந்நீர் காய்ச்சுகிற அடுப்பின் வாசனை. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் பிழைப்பை நான் ஒரே ஒரு சொல்லால் ஆட்டம் காண வைத்தேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. அழகாக எழுத வேண்டும் என்ற ஆசையில்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. நாற்பத்தெட்டு வயதில் அடங்கும் என்றார்கள். அடங்கவில்லை. மாதம் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் பையைத் தூக்கிக்கொண்டு பழனி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன், கொடைக்கானல் பஸ் வரும், ஏறிவிடுவேன். மேலே போய் என்ன செய்வேன் என்று கேட்டால் பதில் கிடையாது. ஓர் அறையில் உட்கார்ந்து இன்னோர் அறையைப் பற்றி நினைப்பேன். ஒரு ஜன்னலில் நின்று அடுத்த மேட்டின் விளிம்பைப் பார்ப்பேன். எழுதுவதாகச் சொல்லிக்கொண்டுதான் போகிறேன். நான் எழுதுவது கவிதையும் இல்லை உரைநடையும் இல்லை என்று இரண்டு தரப்பும் சொல்லியிருக்கிறது.

பழனிக்காரிக்கு, தங்குமிடம் பற்றிய பொய் புதிதில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற ஒவ்வொரு மொட்டைத் தலையையும் பிடித்து, "ரூம் வேணுமாங்க, வெந்நி இருக்கு, கட்டில் இருக்கு, ஜன்னலத் தெறந்தா மலை தெரியும்" என்று இழுப்பார்கள். ஆனால் அந்தப் பொய்க்கு ஒரு முகம் இருந்தது. மலை தெரியும் என்கிறபோது ஆள் மலையைப் பார்க்காமல் உங்கள் பையைப் பார்ப்பான். அதில் தெரிந்துபோகும். போனில் வருகிற பொய்க்கு முகம் இல்லை. ஐந்து நட்சத்திரம் வரிசையாக மஞ்சளாக நிற்கிறது. யார் பையை யார் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

'பள்ளத்தாக்கு பார்த்த அறை' என்று நூறு பேர் புகழ்ந்த இடத்துக்குப் போனேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் சுவர். அந்தச் சுவரில் பெயின்டால் ஒரு பள்ளத்தாக்கு வரைந்திருந்தார்கள், ஓரமாக ஒரு மயில் வேறு. 'ஏரிக்கு இரண்டே நிமிடம்' என்று போட்டிருந்த இன்னோர் இடத்தில், இரண்டு நிமிடம் எதில் என்று போடவில்லை. ஒருவர் எழுதியிருந்தார்: 'காலையில் எழுந்து பார்த்தால் ஒரே மூடுபனி, எதுவும் தெரியவில்லை, ஏமாற்று வேலை, ஒரு ஸ்டார்.' ஒரு விடுதிக்கு நாற்பது பேர் நாற்பது பெயரில் எழுதியிருந்தார்கள். நாற்பது பேரும் 'அருமயான' என்றே எழுதியிருந்தார்கள். நாற்பது வாயில் ஒரே மாதிரி ஒரு பல் விழுந்திருந்தது.

நானும் யோக்கியம் இல்லை. மூட்டைப்பூச்சி கடித்துத் தடித்த கையோடு உட்கார்ந்து, அந்த லாட்ஜுக்கு ஐந்து நட்சத்திரம் குத்தியிருக்கிறேன். அங்கே தண்ணீர் தூக்கி வந்த அம்மா, "எம் பேரப் போட்டு எழுதும்மா, மொதலாளி பாப்பாரு" என்று சொன்னதால். அதைப் படித்து யாரெல்லாம் போய்ச் சொறிந்துகொண்டு வந்தார்களோ.

அதனால்தான் அந்த மூன்று அறை வீடு என்னைப் பிடித்து இழுத்தது. போனில் அதற்கென்று இருந்த பக்கத்தில் ஒருவர் எழுதியதற்கும் இன்னொருவர் எழுதியதற்கும் சம்பந்தமே இல்லை. 'சொர்க்கம்' என்று ஒருவர். 'பேய் இருக்கிறது, உறுதியாகச் சொல்கிறேன்' என்று ஒருவர். 'பாம்புகள்' என்று ஒற்றைச் சொல்லோடு ஒருவர். 'சாப்பாடு நம் அம்மா கை' என்று ஒருவர். 'கேவலம், கெட்ட நாற்றம், அந்தப் பொம்பளை திட்டுகிறாள்' என்று ஒருவர். படத்துக்குக் கீழே வீட்டுக்காரர்கள் தரப்பில்: 'துரைமார் காலத்துப் பாரம்பரியப் பங்களா.' இத்தனை பேரும் பொய் சொல்ல முடியாது, இத்தனை பேரும் உண்மை சொல்லவும் முடியாது. பையைத் தூக்கினேன். ஆயக்குடிக் கொய்யா இரண்டு கிலோ வாங்கிக்கொண்டேன், வெறுங்கையோடு போகக்கூடாதென்று.

கொடைக்கானலில் பஸ் மாறி, பூம்பாறை தாண்டி, கேரட் தோட்டங்கள் படிப்படியாக இறங்குகிற ஒரு வளைவில் இறங்கினேன். வீடு ரோட்டுக்குக் கொஞ்சம் கீழே. மூன்று அறைகள் ஒன்றை ஒன்று ஒட்டி ஒரே வரிசை. மூன்றுக்கும் முன்னால் நீளமாக ஒரே வராந்தா. பங்களா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சுண்ணாம்பு புதிது, தரைக்கு ஓடு புதிது, ஒவ்வொரு வாசலிலும் ஒரு மூங்கில் நாற்காலி.

அவளுக்கு என் வயதிருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"வாங்கக்கா. நடுக் காம்பரா ஒங்களுக்கு. இஸ்தோப்புல உக்காருங்க, தேத்தண்ணி கொண்டாறேன்."

அறைக்குக் காம்பரா, வராந்தாவுக்கு இஸ்தோப்பு, டீக்குத் தேத்தண்ணி. மூன்று சொல்லில் ஆள் சிலோனிலிருந்து வந்த குடும்பம் என்று தெரிந்துவிட்டது. கேட்டேன். ஆறு வயதில் கப்பலில் வந்ததாகச் சொன்னாள். அங்கே தேயிலை, இங்கே வந்து அப்பாவும் அம்மாவும் மரத்துக்குப் பட்டை உரிக்கிற வேலை, அப்புறம் கேரட், பூண்டு, உருளைக்கிழங்கு, எது கிடைத்தாலும். புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். இந்த வீட்டின் உரிமையாளர் திருப்பூர்க்காரர், வருஷத்துக்கு இரண்டு தரம் வருவார். வீட்டைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது, துணி துவைப்பது, போனில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் இவள். பின்பக்கம் ஒட்டியிருந்த சின்ன அறையில் இவள் குடியிருப்பு.

"பேய் இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருக்காரே," என்றேன்.

"அது நான்தான். வெள்ளனே நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்புக்குச் சருகு அள்ளப் போனேன், வெள்ளப் போர்வையப் போத்திக்கிட்டு. ஜன்னல் வழியாப் பாத்துட்டு அந்தத் தம்பி போட்ட சத்தத்துல எனக்கே பயம் வந்துருச்சு."

"பாம்பு?"

"எங்கன கெடக்கு பாம்பு, இந்தக் குளுருல? அவரு இங்க வரவே இல்லக்கா. ரூமு பதிஞ்சாரு, ரத்து பண்ணிட்டாரு, அப்புறம் எழுதிப்புட்டாரு. வராமலே பாம்பப் பாத்த மகராசன்."

"திட்டுற பொம்பள?"

"அதுவும் நான்தான்," என்றாள், கொஞ்சம் பெருமையாக. "ஆறு ஆம்பளைங்க. பெட்டி மாதிரி ஒரு ஸ்பீக்கர வச்சுக்கிட்டு, பக்கத்துக் காம்பராவுல கைப்புள்ளக்காரி இருக்கான்னு சொன்னாலும் கேக்கல. நிப்பாட்டுங்கடான்னேன். போகயில ஆளுக்கு ஒரு ஸ்டாரு குத்திட்டுப் போய்ட்டாங்க."

மூன்று நாள் இருந்தேன். ஓரிடத்தில் இவ்வளவு நேரம் நான் உட்கார்ந்தது எனக்கே ஆச்சரியம். காலையில் அவள் விறகு பிளக்கிற சத்தம், பிறகு குழாயடியில் வாளி, பிறகு உரலில் எதையோ இடிக்கிற சத்தம். தூரத்தில் பண்ணை ஆடுகள் ஒன்றாகத் திரும்புகிற வெள்ளை. பனி மேலேறி, தகரத்தில் சொட்டி, நின்று, மறுபடி சொட்டி. ஒன்றுக்கும் அவசரம் இல்லை, ஒன்றும் நிற்கவும் இல்லை. என் நெஞ்சு கூட அந்தச் சொட்டுக்கு ஏற்ப அடங்கி அடித்தது என்று நம்பினேன்.

கிளம்புகிற அன்றுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். ஓனர் கறாராகச் சொல்லிவிட்டாராம். சீசன் முடிகிறபோது ஸ்கோர் நாலுக்குக் கீழே இருந்தால் வீட்டை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் சொந்த ஆட்களைப் போடுவார்கள். பின்பக்கத்து அறையையும் காலி பண்ண வேண்டும். அந்த ஆறு பேர் புண்ணியத்தில் அப்போது மூன்று புள்ளி ஒன்பதில் நின்றது.

"எப்படி வேணா எழுதுங்கக்கா. உண்மைய எழுதுங்க, போதும். தமிழ்ல எழுதுனீங்கன்னா நானே எழுத்துக்கூட்டிப் படிச்சுருவேன். இங்கிலீசுன்னா போனுதான் படிச்சுச் சொல்லும், அது என்னத்தையாச்சும் சொல்லும்."

எழுதினேன். பஸ்ஸில் மனதுக்குள் எழுதி, பெருமாள்மலையில் அடித்து, பழனி அடிவாரத்தில் திருத்தி, வீட்டுக்கு வந்து தட்டினேன். ஐந்து நட்சத்திரம். கீழே: 'பங்களா என்று நம்பி வராதீர்கள். இது அதைவிட நல்லது. இந்த வீடு ஒரு லயம். மூன்று அறைகளும் ஒரே லயத்தில் மூச்சு விடுகின்றன. இதைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் கையிலும் நடையிலும் அந்த லயம்தான்.'

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து படித்தேன். 'உபயோகமாக இருந்தது' என்று முகம் தெரியாத பதினொரு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். என் புத்தகங்களுக்கு அவ்வளவு கட்டைவிரல் வந்ததில்லை. ஸ்கோர் நாலைத் தொட்டிருந்தது. ஒரு குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட மிதப்பில் இரண்டு வாரம் திரிந்தேன்.

அப்புறம் ஒரு நாள் என் வரிகளுக்குக் கீழே ஒரு பதில் முளைத்திருந்தது.

'எங்கள் வீடு லயம் இல்லை.'

அவ்வளவுதான். நன்றி இல்லை, மீண்டும் வருக இல்லை. முதலில் தன்னடக்கம் என்று நினைத்தேன். இரண்டாம் முறை படித்தபோது தன்னடக்கமாகப் படவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. மறு மாதத்துக்கு நடு அறையைக் கேட்டு எழுதினேன். 'ரூம் இல்லை' என்று வந்தது. நாட்காட்டியில் எல்லா நாளும் காலியாகக் கிடந்தது. நிலைகொள்ளவில்லை. எனக்கு எப்போதுமே நிலைகொள்ளாது, ஆனால் இது வேறு. நாலாம் நாள் முதல் பஸ்ஸில், யாருக்கும் சொல்லாமல், மேலே போனேன்.

அவள் வராந்தாவில் நின்றிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. காலடியில் ஒரு பலகை, பழைய சாக்கு சுற்றி, சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்தது.

"ரூமு இல்லன்னு சொன்னனே."

"தங்க வரல. ஒங்களுக்கு என் மேல என்ன வருத்தம்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

"வருத்தம் என்ன வருத்தம். கண்டுபிடிச்சுட்டீங்க. சரி. மூணு நாளு எங் கையில சாப்பிட்டீங்கள்ல, என்னட்டயே கேட்டுருக்கலாம்ல? ஊரு பூரா படிக்கிற மாதிரியா எழுதணும்?"

"எதைக் கண்டுபிடிச்சேன்?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நடிக்கிறேனா என்று. பிறகு கையால் சுவரைத் தட்டினாள். முதல் அறை, நடு அறை, கடைசி அறை.

"இது லயம்னு."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவளுக்கு நான் விளங்காமல் நிற்பது விளங்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சொல்லின் இரண்டு கரையில் நின்றுகொண்டிருந்தோம். அவள்தான் சொன்னாள், பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களுக்கு வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டியிருப்பார்களே, ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே குழந்தை எழுந்துகொள்ளுமே, அதற்குப் பெயர் லயம். அவள் பிறந்தது அங்கே ஒரு லயத்தில். இங்கே வந்ததும் பட்டை உரிக்க வந்தவர்களுக்கென்று கட்டியிருந்த இன்னொரு லயத்தில் இறக்கிவிட்டார்கள்.

"இந்த லயத்துலதான்க்கா. நடுக் காம்பராவுல. ஏழு பேரு. இப்ப நீங்க படுத்து எந்திரிச்சீங்களே, அந்த எடத்துல."

அம்மா சாகிற வரை சொன்ன ஒரே விஷயம், 'தனிச் சுவரு வச்ச வீட்டுக்குப் போகணும்' என்பதுதானாம். ஆட்கள் போய், தகரம் பறந்து, கட்டிடம் மட்டும் கிடந்தது. திருப்பூர்க்காரர் வாங்கி, சுண்ணாம்பு அடித்து, பங்களா ஆக்கினார். வருகிறவர்களிடம் துரை வீடு என்று சொல்லச் சொன்னார். அவளும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது.

பாரம்பரியப் பங்களா என்றவர், பாம்பு என்றவர், பேய் என்றவர், அம்மா கை என்றவர், இத்தனை பேர் எழுதிய அந்தப் பக்கத்தில் ஒரே ஓர் உண்மை இருந்தது. அதை எழுதியவளுக்கு அது உண்மை என்று தெரியாது.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "நான் படிச்ச தமிழ்ல லயம்னா தாள லயம். பாட்டுல வருமே. ஒண்ணுக்கொண்ணு இசைஞ்சு போறது. ஒங்க வேலை, நடை, இந்த வீடு எல்லாம் ஒரு ஒழுங்கா இருக்குன்னு..."

அவள் அந்த மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"அப்ப தாளம்னே எழுத வேண்டியதுதான?"

"தோணல."

"படிச்சவங்களுக்குத் தாளம். எங்காளுக படிச்சா லயம். எங்காளுகளும் போனு வச்சுருக்காகள்ல. ஆடலூர்ப் பக்கம் எங்கண்ணன் வீடு இருக்கு, அங்கதான் மொதல்ல யாரோ பாத்தாக. குடும்பத்துக் குரூப்புல போட்டுட்டாக. இப்ப காலையில எந்திரிச்சா, 'லயத்து மகாராணிக்கு வணக்கம்'. எங்கண்ணன் மருமக போடுறா. அவளும் லயத்துல பொறந்தவதான், ஆனா பாருங்க, டைல்சு வீட்டுல இருக்கா."

சாக்கைக் காட்டி, அது என்ன என்று கேட்டேன். அவள் எழுந்து, பிரித்துத் திருப்பி வைத்தாள். நீலத்தில் வெள்ளை எழுத்து, நல்ல தேக்குப் பலகை. 'லயம்'. ஓரத்தில் ஒரு மயிலிறகு.

"ஒங்க எழுத்தப் படிச்சுட்டு ஓனருக்கு ஒரே ஆனந்தம். பங்களான்னா எல்லாரும் வச்சுருக்கான், லயம்னு எவன் வச்சுருக்கான்னு கேட்டாரு. அந்தப் பதிலு நான் எழுதுனதப் பாத்து, அடக்கமா எழுதிருக்கம்மான்னாரு. போர்டு வந்து நாலு நாளாச்சு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வாசல்ல மாட்டி போட்டோ அனுப்பணும்." பலகையைக் கையால் தடவிப் பார்த்தாள். "நான் மாட்ட மாட்டேன். எங்கம்மா எறங்கிப் போன வாசல்ல எங் கையால இத மாட்டிட்டு, அதுக்குக் கீழ நின்னு நான் வாங்க வாங்கன்னு கும்பிடவா? வேற எடம் பாத்துக்கறேன்னு சொல்லப் போறேன்."

"அவர்ட்ட நான் பேசறேன். இதுக்கு ஒங்க ஊர்ல என்ன அர்த்தம்னு சொல்லிடறேன்."

"சொன்னீங்க, முடிஞ்சது சோலி. அவருக்குத் தெரிஞ்சா இன்னும் சந்தோசப்படுவாரு. போன மாசம் வந்த கூட்டத்துக்கு முன்னாடி என்னய உக்கார வச்சு, சிலோன் கதையச் சொல்லும்மான்னாரு. கொழுந்துக் கூட ஒண்ணு வாங்கிட்டு வாறேன், தலையில மாட்டிக்கிட்டு நில்லுன்னாரு. நெசமான லயம்னு தெரிஞ்சா என்னய நடுக் காம்பராவுல படுக்க வச்சே காட்டுவாரு."

அவள் சொன்னது நடக்கும். எனக்கு அந்த மாதிரி ஆட்களைத் தெரியும். நானே பாதி அந்த மாதிரி ஆள்தான், கூடைக்குப் பதில் சொல்லை மாட்டிவிடுகிறவள்.

வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தேன். சொல்லைக் கொண்டுவந்தவள் நான், நானேதான் திருப்பி எடுத்துப் போக வேண்டும். நடந்துகொண்டே இருந்தபோதுதான் அந்தச் சொல்லின் மூன்றாவது முகம் ஞாபகம் வந்தது. ஓனருக்குச் சாமி நம்பிக்கை உண்டா என்றேன். பழனிக்கு மாதா மாதம் சஷ்டிக்கு வருகிறவர் என்றாள். அவளிடம் எண் வாங்கிப் போன் போட்டு, ரிவ்யூ எழுதியவள் என்று சொல்லி, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஏனுங்க மேடம், நீங்களே போன் பண்ணியிருக்கறீங்க. போர்டு பாத்தீங்ளா? நீங்க வச்ச பேருங்க."

"அதைப் பத்தித்தாங்க. எழுதும்போது எனக்கு ஒண்ணு தோணாமப் போச்சு. லயம்னா ஒடுங்கிப்போறது, அழிஞ்சுபோறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்குங்க. பிரளயம்னு சொல்றோம் பாருங்க, அதுல வர்ற லயம்."

கொஞ்ச நேரம் தறி மாதிரி ஏதோ ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அழிவுங்ளா?"

"அகராதியில போட்டிருக்குங்க."

"ஏனுங்க, நீங்கதானுங்க எழுதுனீங்க?"

"ஒரு ஓரமா எழுதலாங்க. வாசல்ல எழுதி மாட்டினா..."

"மாட்டினா நல்லா இருக்காதுங்க. மண்ணு சரியற ஊருங்க அது. எறக்கிருங்க மேடம், அந்தப் பொண்ணுகிட்ட எறக்கச் சொல்லுங்க."

"இன்னும் ஏத்தலைங்க."

"முருகன் காப்பாத்துனாருங்க," என்றார். பிறகு வியாபாரக் குரலில், "ஆனா உங்க ரிவ்யூ இருக்கட்டுங்க, அஞ்சு ஸ்டாருங்க அது. நாலுக்குக் கீழ போச்சுன்னா நான் கம்பெனிக்குக் கொடுக்கறதுதான்னு அங்க சொல்லியிருக்கேன். அதுல மாத்தமில்லைங்க."

வைத்துவிட்டார். அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். கோழிக் கூண்டின் வாயில் சாத்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். தேத்தண்ணி போட்டாள். குடித்து முடிக்கிற வரை காத்திருந்தாள்.

"அத அழிச்சுருங்கக்கா."

எந்த அது என்று கேட்கத் தேவையில்லை. மாற்றி எழுத வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எழுதியது எழுதியதுதான், வேண்டுமானால் மொத்தமாக நீக்கலாம் என்றது போன்.

"நட்சத்திரமும் சேர்ந்து போயிரும். நாலுக்குக் கீழ எறங்கிரும்."

"எறங்கட்டும்."

"பழனியில எனக்குத் தெரிஞ்சவங்க பத்து பேர் இருக்காங்க. சொன்னா ஆளுக்கு ஒண்ணு நல்லதா எழுதிடுவாங்க. ஒரு மணி நேரத்துல ஏத்திரலாம்."

"வராமலா?"

நான் காலி டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"அப்ப பாம்பு எழுதுனவருக்கும் அவுகளுக்கும் என்ன வித்தியாசம்? அவரு வராம ஏசுனாரு, இவுக வராம புகழுவாக. வேணாம்க்கா. வந்தவுக எழுதட்டும், வர்றது வரட்டும்."

என் விரல் அந்தக் குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் நின்றது. கூச்சத்தோடு எழுதுகிறேன்: அவள் பிழைப்பை நினைத்து மட்டும் அது நிற்கவில்லை. 'ஒரே லயத்தில் மூச்சு விடுகின்றன' என்ற வரி போகிறதே என்றும் நின்றது. பதினொரு கட்டைவிரல். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுத்தினேன். காரணம் என்ன என்று கேட்டது. ஒரு பட்டியல் வந்தது. தவறாக எழுதிவிட்டேன், தவறான இடம், பொய்யான தகவல், வேறு. முதல் மூன்றையும் தொட முடியவில்லை. 'வேறு' என்பதைத் தொட்டேன்.

பக்கம் ஒரு தரம் சுழன்றது. மூன்று புள்ளி ஒன்பது. அவள் எட்டிப் பார்த்து, போனை என் பக்கம் தள்ளினாள். உடனே தன் போனை எடுத்து, குடும்பத்துக் குரூப்பில் எதையோ நிதானமாக எழுத்துக்கூட்டித் தட்டினாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை.

அது சித்திரை. சீசன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அந்தப் பக்கத்தைத் தினமும் திறக்கிறேன். புதுப் படங்கள் ஏறியிருக்கின்றன. மூங்கில் நாற்காலிகள் இல்லை, இரும்பு நாற்காலிகள். சுண்ணாம்புக்கு மேல் சாம்பல் நிறப் பெயின்ட். கம்பெனி வந்துவிட்டதா, திருப்பூர்க்காரரே மாற்றினாரா, தெரியவில்லை. ஒருவர் எழுதியிருக்கிறார்: 'பணியாளர் கனிவு.' எந்தப் பணியாளர்? அவள் எண் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன், எழுந்து நடப்பேன்.

அதை அழித்த அன்றைக்கு, மூன்று மணி பஸ்ஸுக்கு அவளே ரோடு வரை ஏறி வந்தாள். பஸ் வளைவில் தெரிந்தபோது, என் பையை வாங்கி வைத்திருந்தவள் அதைத் திருப்பித் தந்தாள்.

"வெரசா ஏறுங்க, நிக்க மாட்டான்."

"அடுத்த மாசம் வரேன்," என்றேன், படியில் கால் வைத்து.

"வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போனு போட்ருங்கக்கா," என்றாள். "நான் இங்க இருக்கனா இல்லையான்னு அதுல போட மாட்டாக."